அம்மா "சுருக்"குன்னு சொன்னாங்க

1/
உங்க வீட்டில் யாராவது, "வாஷிங் மெஷினைத் தொட்டா லேசா சுருக்குங்குது" என்று சொல்லியிருக்காங்களா? ஃபிரிட்ஜ் கதவு, கீசர் குழாய், கிரைண்டர்... எதுவா இருந்தாலும் சரி. ஆமான்னா இந்த இழையைப் பொறுமையா படிங்க. கொஞ்சம் நீளம். என் அம்மா விஷயத்தில் நான் செஞ்ச தப்பை நீங்க செய்யக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

2/
அம்மாவுக்கு 71 வயசு. திருமங்கலத்தில், 1991-ல் அப்பா கட்டின வீட்டில் இருக்காங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி போன்ல சொன்னாங்க: "மெஷினைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுப்பா."

நான் சொன்ன பதில்: "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்கம்மா. ஆளை வரச் சொல்றேன்."

செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ஆளை வரச் சொல்லல.

3/
ஒரு நோயாளி "நெஞ்சு சுருக்குங்குது"ன்னு சொன்னா உடனே ஈசிஜி எடுக்கச் சொல்றவன் நான். அம்மா சொன்ன அறிகுறிக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எழுதிக் கொடுத்துட்டு மறந்துட்டேன்.

4/
போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு இளைஞரைக் கொண்டு வந்தாங்க. (அடையாளங்களை மாற்றியிருக்கேன்.) வீட்டு மோட்டாரை ஈரக் கையோட தொட்டிருக்கார். வரும்போதே நாடித்துடிப்பு இல்லை.

40 நிமிஷம் சிபிஆர் கொடுத்தோம். அவர் திரும்பல.

வெளியே வந்து அவங்க அம்மாகிட்ட பேசினேன். அவங்க அழுகைக்கு நடுவுல சொன்னது இதுதான்: "பத்து நாளாவே லேசா ஷாக் அடிக்குதுன்னு சொல்லிக்கிட்டுத்தான் சார் இருந்தான்."

அன்னிக்கு ராத்திரியே எலக்ட்ரீசியனுக்குப் போன் பண்ணேன்.

5/
வந்தவர் அப்பா காலத்து ஆள். அறுபது தாண்டியவர். என்னை இன்னும் "டாக்டர் தம்பி"ன்னுதான் கூப்பிடுவார், நான் "அண்ணே". வந்ததும் மெஷினைப் பார்க்கவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிட்டு, மூணு ஓட்டை சாக்கெட்டில் டெஸ்ட் லாம்ப் வச்சுப் பார்த்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எரிஞ்சது. பேஸுக்கும் மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்கும் வச்சா எரியல.

"தம்பி, இது மூணு ஓட்டைதான். வயரு ரெண்டுதான்."

6/
அந்தப் பெரிய ஓட்டைதான் எர்த். மெஷினுக்குள்ளே கசியிற கரண்ட் மண்ணுக்குப் போறதுக்கான வழி. எங்க வீட்டில் எர்த் வயர் மீட்டர் பெட்டியோட நின்னுடுச்சு. சாக்கெட் வரைக்கும் வரவே இல்லை. முப்பது வருஷமா அது வெறும் ஓட்டை.

அதைவிட மோசம் ஃபிரிட்ஜ் சாக்கெட். யாரோ ஒருத்தர் நியூட்ரலையே எர்த் பின்னோட ஒரு துண்டு வயரால் இணைச்சு வச்சிருந்தாங்க. பார்க்க எர்த் இருக்கிற மாதிரி இருக்கும். என்னைக்காவது நியூட்ரல் வயர் அறுந்தா, ஃபிரிட்ஜோட மொத்த உடம்புக்கும் 230 வோல்ட் வந்துடும். எமனுக்கு வாசலைத் திறந்து வைக்கிற வேலை அது.

7/
"அந்த லேசான சுருக்கு ஆபத்தா டாக்டர்?" என்று கேட்பீங்க. அந்தச் சுருக்கு பெரும்பாலும் ரொம்பச் சின்ன கசிவுதான். ஆளைக் கொல்லாது. ஆனா அது ஒரு தகவல்: "இந்த மெஷினுக்கு எர்த் இல்லை. நாளைக்கு உள்ளே இன்சுலேஷன் போச்சுன்னா, மண்ணுக்குப் போற வழி நீதான்."

8/
கொஞ்சம் கணக்கு.

நம்ம வீட்டுக் கரண்ட்டில் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் கைவழியா போனாலே பிடிச்ச பொருளை விட முடியாதபடி தசை இறுகிடும். 30 தாண்டினா மூச்சுத் தசைகள் இறுகலாம். 50 முதல் 100-க்குள், சில நொடி நீடிச்சாலே இதயத்தின் கீழறைகள் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பிக்கலாம். வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன். ரத்தம் வெளியே போகாது.

ஈரமான உடம்பின் தடை 1000 ஓம்னு வச்சுக்கோங்க. 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்பியர்.

உங்க வீட்டு எம்சிபி எவ்வளவுக்கு விழும்? 16 ஆம்பியர். அதாவது 16,000 மில்லி ஆம்பியர். அது வயரைக் காப்பாத்த வச்சது. உங்களைக் காப்பாத்த இல்லை.

9/
சரி, எர்த் வயர் இழுக்கணும். எப்படி? பூசி, பெயின்ட் அடிச்சு முடிஞ்ச சுவர். "சுவரைக் காடி வெட்டி பைப் பதிச்சிடலாமா?" என்று கேட்டேன்.

அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிட்டாங்க: "வேணாம்."

எனக்கும் யோசனையாத்தான் இருந்தது. அம்மாவுக்கு ஆஸ்துமா. கட்டிங் மெஷின் போட்டுச் சுவரை வெட்டினா வர்ற தூசியில் சிலிக்கா இருக்கும். நாள் கணக்கா வீட்டுக்குள்ளே மிதக்கும். கரண்ட்டுக்குப் பயந்து நுரையீரலைக் கெடுத்த கதையாகிடும்.

அண்ணன் சிரிச்சார். "யாரு வெட்டப் போறா? பைப்பு உள்ள இருக்குல்ல. ஸ்பிரிங் விட்டு இழுத்துரலாம்."

10/
ஸ்பிரிங்னு நம்ம ஊரில் சொல்றதுக்குக் கடையில் ஃபிஷ் டேப்னும் பேர் உண்டு. சுருட்டி வைக்கிற நீளமான, வளையக்கூடிய, ஆனா துவளாத ஒரு நாடா. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, சுவருக்குள்ளே இருக்கிற பைப் வழியா அதைத் தள்ளணும். மறுமுனையில் தலை வெளியே வந்ததும் அதில் புது வயரைக் கட்டணும். பிறகு திரும்ப இழுக்கணும். அவ்வளவுதான் தத்துவம்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது எங்க கைடு வயர்!

11/
1953-ல் ஸ்வென் ஐவர் செல்டிங்கர்னு ஒரு ஸ்வீடன் கதிரியக்க மருத்துவர் ஒரு முறையை வெளியிட்டார். ரத்தக் குழாயில் ஊசி போடு. ஊசிக்குள்ளே மெல்லிய வயரை விடு. ஊசியை எடுத்துடு. வயர் மேலேயே ட்யூபை ஏத்து. அதுக்கு முன்னாடி பெரிய ட்யூப் போடணும்னா குழாயைக் கீறித் திறக்கணும், இல்லைன்னா தடிமனான ஊசி குத்தணும். இன்னிக்கு ஐசியூவில் கழுத்தில் போடுற சென்ட்ரல் லைன்லேர்ந்து ஆஞ்சியோ வரைக்கும் அடிப்படை இதுதான்.

12/
1964 ஜனவரி 16. அமெரிக்காவின் ஆரிகனில் 82 வயசு மூதாட்டி ஒருத்தர். கால் விரல்கள் அழுகிக்கிட்டு இருக்கு. காலை எடுக்கணும்னு சொல்றாங்க, அவங்க மறுத்துட்டாங்க. சார்லஸ் டாட்டர்னு ஒரு மருத்துவர், கைடு வயரை அடைப்புக்குள்ளே செலுத்தி, அதன் மேலே படிப்படியா தடிமனான ட்யூபை விட்டுக் குழாயை விரிச்சார். கால் பிழைச்சது. உலகின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டி அதுதான். இதயத்தில் இல்லை, காலில்.

டாட்டர் ஆரம்பத்தில் கிடார் தந்தியையும் கார் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் வச்சுத்தான் வயர்கள் செஞ்சு பார்த்தார். பிளம்பர் வேலைன்னு தன் வேலையை அவரே கேலியா சொல்லிக்குவார். "வெட்டாதே, உள்ளே வழி இருக்கு" என்கிற யோசனை மருத்துவமனைக்கு மட்டும் சொந்தமில்லை.

13/
இனி அண்ணன்கிட்ட நான் கத்துக்கிட்டது. வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, அவர் சரியா செய்யுறாரான்னு பார்க்க உங்களுக்கும் உதவும்.

முதல்ல மெயினை அணைச்சார். அடுத்து இன்வெர்ட்டரையும் அணைச்சார். இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. மெயின் போனாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடதான் இருக்கும்.

அணைக்கிறதுக்கு முன்னாடியே டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற பாயிண்ட்டில் வச்சு எரியுதான்னு பார்த்துக்கிட்டார். அணைச்ச பிறகு பாக்ஸில் வச்சுப் பார்த்தார். "டெஸ்டரே செத்துக் கிடந்தா? எரியலைன்னு நம்பிக் கைய வச்சிருவோம்ல?"

14/
பையில் ரெண்டு ஸ்பிரிங் வச்சிருந்தார். ஒண்ணு இரும்பு, ஒண்ணு நைலான். இரும்பு நல்லா தள்ளும். நீளமான பைப்புக்கு நல்லது. ஆனா அது கரண்ட்டைக் கடத்தும். பழைய வயர் உள்ளே இருக்கிற பைப்பில் அதை விட்டா, எங்கேயாவது வயர் தோல் உரிஞ்சிருந்தால் ஆபத்து. அதனால எங்க வீட்டுக்கு நைலான்.

ஸ்பிரிங்கோட வால் முனையை ஸ்டூல் காலில் ஒரு சுத்து சுத்திக் கட்டினார். ஏன்னு கேட்டேன். "மறந்தாப்ல கைய விட்டோம்னா உள்ள போயிரும் தம்பி. அப்புறம் சுவரை வெட்டித்தான் எடுக்கணும்."

எங்க வேலையிலும் அதுதான் முதல் விதி. கைடு வயரின் முனை எப்பவும் கையில் இருக்கணும். கை நழுவி நோயாளியின் உடம்புக்குள்ளே போய், அதை எடுக்கத் தனியா ஒரு சிகிச்சை செய்யவேண்டி வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் உண்டு.

15/
வயரைக் கட்டுறதிலும் ஒரு பக்குவம் இருக்கு. ஸ்பிரிங் தலையில் வயரை முண்டா முடிச்சுப் போட்டா வளைவில் மாட்டிக்கும். அதனால தாமிர இழைகளை மட்டும் கொக்கியில் மாட்டி, மேலே இன்சுலேஷன் டேப்பை ஈட்டி முனை மாதிரி சரிவாச் சுத்தினார். வயர் மேலே கொஞ்சம் பவுடர். ஆமா, முகத்துக்குப் போடுற டால்கம் பவுடர்தான், அம்மாவோடது. வழுக்கிக்கிட்டுப் போகும்.

ஒருத்தர் தள்ளணும், ஒருத்தர் இழுக்கணும். இழுக்கிற வேலை எனக்கு. "நான் 'ம்'ங்கும்போது மட்டும் இழுங்க. சும்மா பலத்தைக் காட்டாதீங்க."

ஃபிரிட்ஜ், கீசர் ரெண்டு பாயிண்ட்டுக்கும் பச்சை வயர் அரை மணி நேரத்தில் வந்துடுச்சு. சுவரில் ஒரு கீறல் இல்லை.

16/
மற்ற வழிகளையும் சொன்னார். ஸ்பிரிங் போகாத காலி பைப்பில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பையை நூலில் கட்டி விட்டு, மறுமுனையில் வேக்குவம் கிளீனரை வச்சு உறிஞ்சினா நூல் வந்துடும். அதை வச்சுக் கயிறு, கயிறை வச்சு வயர். பழைய வயரையே கயிறாக்கிப் புதுசை இழுக்கிறதும் உண்டு. ஆனா பழசு நடுவுல அறுந்தா ரெண்டும் போச்சு.

அமெரிக்காவில் மரச் சட்டத்து மேலே பலகை அடிச்ச சுவர்கள், உள்ளே வெற்றிடம். அங்கே வளையுற நீள டிரில் பிட், ஒண்ணோட ஒண்ணு திருகிச் சேர்க்கிற கண்ணாடியிழைக் குச்சி, காந்தத்தில் ஒட்டி வர்ற சங்கிலின்னு வேற கருவிகள். நம்ம செங்கல் சுவரில் அதெல்லாம் செல்லாது. உள்ளே பைப் இருந்தா ஸ்பிரிங். இல்லைன்னா சுவர் மேலேயே பிளாஸ்டிக் கேசிங் அடிச்சு அதுக்குள்ளே வயர். பார்க்க அழகா இருக்காதுதான். ஆனா பாதுகாப்பு.

17/
மூணாவது, வாஷிங் மெஷின் பாயிண்ட். அதுக்கான பைப் ஹால் சீலிங்கில் இருக்கிற ஜங்ஷன் பாக்ஸிலிருந்து சுவரில் இறங்கி, அடியில் திரும்பி, பின் வராண்டாவுக்குப் போகுது. ஸ்பிரிங் ஆறடி இறங்கினதும் முட்டி நின்னுடுச்சு.

நான் ஸ்டூல் மேலே இருந்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினா போயிடும்னு தோணுச்சு. அழுத்தினேன்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடிச்சார். "முட்டினா தள்ளாதீங்க தம்பி. அது ஏதோ சொல்லுது."

18/
பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே மணிக்கட்டை இன்னொருத்தர் பிடிச்சிருக்காங்க. நான் எம்.டி. படிச்சப்போ, நடு ராத்திரி. ஒரு நோயாளியின் கழுத்தில் சென்ட்ரல் லைன் போடுறேன். கைடு வயர் முட்டுச்சு. களைப்பு, அவசரம். தள்ளினேன். வயர் உள்ளே மடங்கிடுச்சு. பயந்து போய், ஊசி வழியாவே அதை வெளியே இழுக்கப் பார்த்தேன்.

பின்னாடி வந்து நின்ன எங்க மேடம் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. "ஊசி முனை வயரை அறுத்துடும். ரெண்டையும் சேர்த்து ஒண்ணா எடு." எடுத்தேன். வயர் முழுசா வந்தது. நோயாளிக்குக் கழுத்தில் ரத்தக் கட்டோட போச்சு. மறுநாள் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

அப்போ கத்துக்கிட்டதை அம்மா வீட்டுச் சுவரில் மறந்துட்டேன்.

19/
அண்ணன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, லேசாத் திருப்பி, மறுபடி விட்டார். அதே இடம். பின் வராண்டா பக்கத்திலிருந்தும் விட்டுப் பார்த்தார். நின்னுடுச்சு.

பிறகு, உள்ளே போன நீளத்துக்கு ஸ்பிரிங்கில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வச்சார். வெளியே உருவினார். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து சுவரோடு சேர்த்து, வெளியே அதைத் தொங்கவிட்டார். உள்ளே எங்கே முட்டுதுன்னு வெளியே தெரிஞ்சுடும். நாங்க ஆஞ்சியோவில் டை விட்டுப் பார்க்கிறதை அவர் ஒரு துண்டு டேப்பில் பார்த்துட்டார்.

ஸ்பிரிங் முனை போய் நின்ன இடம் அப்பா படம்.

20/
அண்ணன் ஒண்ணும் பேசல. அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம், தூசிக்காக. அவரே படத்தைக் கழற்றி சோபாவில் வச்சார். ஆணியை இடுக்கியால் பிடுங்கினார். சுவரை ஈரமாக்கி, மாஸ்க் போட்டுக்கிட்டு, உளியால் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் திறந்தார்.

ஆணி பைப்பைத் துளைச்சுக்கிட்டு நேரா உள்ளே போயிருந்தது. பேஸ் வயரின் சிவப்புத் தோல் உரிஞ்சு தாமிரம் மின்னுது. ஆணி இருந்த இடத்துக்கும் தாமிரத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.

21/
அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. அந்த ஆணியை அடிச்சது நான்தான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, அடக்கமான இடமா இருக்கேன்னு பார்த்து அடிச்சேன்.

அந்தப் படத்தை இரும்புக் கம்பியில்தான் மாட்டியிருந்தோம். அம்மா தினமும் காலையில் குளிச்சுட்டு, தண்ணி தெளிச்ச மல்லிகைச் சரத்தை அந்த ஆணியில்தான் மாட்டுவாங்க. பூஜைன்னு செருப்பைக் கழற்றி வச்சுட்டு.

நான் ரொம்ப நேரம் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

22/
வயர் மூணையும் மாத்தினோம். பைப்பை வெட்டி கப்லிங் போட்டுச் சேர்த்து, ஓட்டையைப் பூசினார். பச்சை வயர் வராண்டாவுக்கு வந்துடுச்சு. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு மாட்டினோம். போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இல்லைன்னா, நொடியில் ஒரு சின்னப் பங்குக்குள்ளே அது துண்டிச்சிடும். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். ஆனா ஒருத்தர் தொட்டு, அவர் வழியா கரண்ட் கசிஞ்ச பிறகுதான் விழும். எர்த் இருந்தா, யாரும் தொடுறதுக்கு முன்னாடியே விழுந்துடும். அதனால ரெண்டும் வேணும்.

23/
உங்களுக்குச் சுருக்கமா:

சுவிட்ச் போர்டுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஆணி அடிக்காதீங்க, டிரில் போடாதீங்க. வயர் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும். சுவருக்குள்ளே கம்பி இருக்கான்னு காட்டுற டிடெக்டர் இருக்கு. அதோட ஆளைக் கூப்பிடுங்க.

சுருக்குன்னா பிளக்கைப் பிடுங்குங்க. எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்க. "நியூட்ரலை எர்த்தில் போட்டுரலாம்"னு சொல்றவரை அனுப்பி வச்சுட்டு வேற ஆளைப் பாருங்க.

ஆர்சிசிபியில் "டெஸ்ட்" பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்துங்க. விழணும். மழைக்கு அடிக்கடி விழுதுன்னு அதைக் கழற்றி நேரா இணைக்காதீங்க. எங்கே கசியுதுன்னு பாருங்க.

இந்த வேலையை நீங்களா செய்யாதீங்க. நான் ஸ்டூல் மேலே நின்னு "ம்"முக்கு இழுத்தவன் மட்டும்தான்.

24/
யாருக்காவது ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டா, ஓடிப் போய்த் தொடாதீங்க. மெயினை அணைங்க. முடியலைன்னா, காய்ஞ்ச மரப்பலகை மேலே நின்னு, காய்ஞ்ச கட்டையால் பிரிங்க. 108. மூச்சும் அசைவும் இல்லைன்னா நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தோலில் தெரியுற காயம் சின்னதா இருக்கும். உள்ளே தசை வெந்திருக்கலாம். சிறுநீர் கருஞ்சிவப்பா போனா அது அவசரம். ஈசிஜி கட்டாயம் எடுக்கணும்.

25/
அம்மா திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அப்பாவை எங்க மாட்டப் போறே?"

இந்தத் தடவை நான் சுத்தியலை எடுக்கல. அண்ணன் டிடெக்டரை வச்சு எதிர்ச் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்துட்டு ஓரிடத்தில் பென்சிலால் புள்ளி வச்சார். அங்கே ஆணி அடிச்சார். கம்பிக்குப் பதில் நைலான் கயிறு.

ஆணி விஷயத்தை அன்னிக்கு அம்மாகிட்ட சொல்லல. ஒரு வாரம் கழிச்சுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மெஷின் இப்ப சுருக்குங்கலைப்பா" என்றாங்க.

இன்னிக்கு உங்க அம்மாவுக்குப் போன் பண்ணும்போது, சாப்பிட்டாச்சான்னு கேட்ட கையோட இதையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.